ஏரிக்காட்டுத் தீப்பெட்டியார்

கையை நீட்டுகிறார். குலுக்கத்தான் என்று நினைத்து நானும் நீட்டினால், அவர் கை என் கையைத் தாண்டிச் சட்டைப் பைக்குள் போகிறது. "என்ன இருக்கு? தீப்பெட்டியா, லைட்டரா? எதுவானாலும் குடுத்துட்டுப் போங்க. திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்." பேட்டி எடுக்க வந்திருக்கிறேன், என்னிடம் ஒன்றும் இல்லை, புகைப்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று பேனா மூடியைக்கூடக் கழற்றிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் வணக்கம் சொன்னார்.

நகரத்துக் குழாய்களில் வரும் தண்ணீர் இந்த மலைகளுக்கு நடுவில் உள்ள ஏரியிலிருந்து போகிறது. ஏரியைச் சுற்றிக் காடு, காட்டுக்கு ஒரே வாசல், வாசலை ஒட்டி ஓர் அறை. அறையில் தண்ணீர் வாரியத்தின் காட்டுக் காவலராகப் பாதி ஆயுளைக் கழித்தவர் இவர். ஜன்னல் மேடையில் ஒரு பெரிய பிஸ்கட் டின். அதற்குள் பச்சை, சிவப்பு, நீலம் என்று லைட்டர்களும், ஈரம் பட்டு ஊதிப்போன தீப்பெட்டிகளும். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வேலையாட்கள் எல்லோருக்கும் இவர் 'தீப்பெட்டி அண்ணன்'. எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை தேவைப்பட்டதால் தீப்பெட்டியார் என்று வைத்துக்கொண்டேன்.

நானும் பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. குழாயைத் திருகினால் வருகிறது, அவ்வளவுதான். அதற்காக ஒரு மனிதர் அடுத்தவன் பையைத் துழாவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

ஒல்லி உடம்பு. முழங்கை வரை பழைய தழும்புகள். பேச்சில் தீப்பெட்டி வரும், தீ என்ற சொல் தனியாக வராது. 'அது' என்பார். வீட்டுக்கு வரக்கூடாத ஒரு சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல, "அது மேற்கால வந்துச்சு", "அதை ராத்திரியே மடக்கிட்டோம்" என்பார். எவ்வளவு தூரத்துப் புகையையும் மோந்துவிடும் மூக்கு என்று அவருக்கு ஒரு பெருமை. ஆனால் மூடுபனியைப் புகை என்று நினைத்து மொத்தக் குடியிருப்பையும் வாளியோடு ஓடவிட்ட கதையை அவர் மனைவி எனக்குத் தேநீர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். "வீட்டுல அடுப்புகூடப் பத்த வைக்க மாட்டாருங்க. நான் எங்கயாவது போயிட்டேன்னா ரொட்டியைப் பச்சைத் தண்ணியில நனைச்சுத் தின்னுட்டுக் கிடப்பாரு." தீப்பெட்டியார் அதை மறுக்கவில்லை. "பழகிக்கிட்டா அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

போன வருஷம் வரை அவருக்குக் குழப்பம் என்று எதுவும் கிடையாது. 'அது' வந்தால் அடிப்பது. ஈரச் சாக்கால், பச்சைக் கிளையால், ஒன்றும் கிடைக்காவிட்டால் பூட்ஸால். போன கோடையில் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் சரிவு பற்றிக்கொண்டது. சாக்கோடும் கிளையோடும் கிட்டவே போக முடியவில்லை. மரங்கள் உச்சியோடு எரிந்தன. அடுத்து வந்த மழை அந்தச் சாம்பலை எல்லாம் வழித்து ஏரிக்குள் கொட்டியது. நகரத்தில் குழாயில் கறுப்பாகத் தண்ணீர் வந்ததும், லாரிக்குப் பின்னால் நாங்கள் குடத்தோடு ஓடியதும் எனக்கே நினைவிருக்கிறது. நகரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவர் மகள் அப்போது போனில் கேட்டாளாம்: "அப்பா, குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணி பிடிச்சா மை மாதிரி வருது. அங்க என்னப்பா பண்ணிட்டு இருக்கீங்க?"

அந்தக் கேள்வி அவருக்குள் முள்ளாகத் தைத்திருக்கிறது. என்னிடம் அதை இரண்டு தடவை சொன்னார். எனக்கும் சங்கடமாக இருந்தது. லாரிக்குப் பின்னால் ஓடியபோது நானும் யாரோ ஒருவரைத் திட்டிக்கொண்டுதான் ஓடினேன்.

அதற்கப்புறம் ஒரு கூட்டம். வாரியத்தின் பொறியாளர், இளம் பெண், பலகையில் படம் போட்டு விளக்கினார். சின்னச் சின்னத் தீயை எல்லாம் முளையிலேயே அணைத்துக்கொண்டே வந்ததால் சருகு முழங்கால் உயரம் சேர்ந்துவிட்டது. புதரும் மரக்கன்றும் நெருங்கி வளர்ந்து, தரைத் தீ மர உச்சிக்கு ஏறுவதற்கு ஏணி போட்டுக் கொடுத்துவிட்டன. அதனால்தான் அக்கரைச் சரிவு அப்படி எரிந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் தீப்பெட்டியார் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னது வேறு. "நான் வேலையை ஒழுங்காப் பாத்ததுதான் தப்பாம்."

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். யாராவது மரக்கன்று வெட்டினால் பிடித்துக் கொடுத்தவரிடமே அரிவாளைக் கொடுத்து நெருக்கமானதை வெட்டு என்றார்கள். ஆட்டை உள்ளே விட்டால் கல்லை எடுத்தவரிடம், ஆடு வரும், வாசலைத் திறந்து விடு, புதரை மேயட்டும் என்றார்கள். ஆட்டுக்காரம்மாவுக்குக் கொண்டாட்டம். பாதி ஆயுள் முழுக்க இவரால் விரட்டப்பட்டவர், மந்தையை ஓட்டிக்கொண்டு வாசலில் வந்து வேண்டுமென்றே நின்றார். "என்னப்பா, என் ஆட்டுங்க பையில தீப்பெட்டி இருக்கான்னு பாக்கலையா? அப்புறம் உள்ள போய் ஏதாவது பண்ணிடப் போகுதுங்க." தீப்பெட்டியார் வாசல் தடுப்புக் கம்பியைத் தூக்கினார். கடைசி ஆடு போகும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டார். மிச்சமிருந்தது இக்கரைச் சரிவு. ஏரியிலிருந்து நகரத்துக்குக் குழாய் கிளம்பும் இடத்துக்கு நேர் மேலே இருப்பது. அதுவும் அக்கரை மாதிரி எரிந்தால் நகரத்துக்குத் தண்ணீரே இல்லை. ஆகவே கோடைக்கு முன்னால், காற்று அடங்கியிருக்கும் ஒரு நாளில், நாமே அளவாகக் கொளுத்திச் சருகைத் தீர்த்துவிட வேண்டும் என்று முடிவானது. அதற்கு ஒரு விதி. காற்றைப் பார்த்துப் பொறியாளர் சரி என்று சொல்ல வேண்டும். ஆட்களைப் பார்த்து மேஸ்திரி சரி என்று சொல்ல வேண்டும். தரையைப் பார்த்துத் தீப்பெட்டியார் சரி என்று சொல்ல வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

நான் வருவதற்கு முன்னால் நடந்த முதல் முயற்சியில் மூன்று பேரும் சரி என்றார்கள். உச்சியில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பொறியாளர், "பத்த வைங்க" என்றார். மேஸ்திரி பையைத் தட்டிப் பார்த்தார். பக்கத்து ஆள் தட்டிப் பார்த்தார். வரிசை முழுக்கத் தட்டிப் பார்த்தது. அப்புறம் வரிசை முழுக்கத் தீப்பெட்டியாரைப் பார்த்தது. காலையில் வாசலில் வழக்கம்போல எல்லோர் பையையும் துழாவி எடுத்து டின்னில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்! அவர் இறங்கி ஓடி, டின்னைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வருவதற்குள் காற்று திரும்பிவிட்டது. பொறியாளர் வேண்டாம் என்றார். "காட்டைக் கொளுத்தப் போய், கொளுத்த நெருப்பில்லாம திரும்பி வந்தவங்க உலகத்துலயே நாங்கதான் சார்" என்று மேஸ்திரி என்னிடம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. "வேணும்னேதானே பண்ணே?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாராம்.

"வேணும்னா பண்ணேன் சார்?" என்று தீப்பெட்டியார் என்னைக் கேட்டார். காவலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். "கை பழக்கத்துல வாங்கிட்டேன்னுதான் நெனச்சேன். அந்தம்மா கேட்டப்புறம் எனக்கே சந்தேகமா இருக்கு. மேல ஏறும்போது மனசு லேசா இருந்துச்சு. அது ஏன் லேசா இருந்துச்சு?" நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். அவர் விடவில்லை. "அணைச்சப்ப நல்லது பண்றோம்னு நெனச்சேன், அது தப்பாப் போச்சு. இப்ப கொளுத்தறது நல்லதுங்கறாங்க. நாளைக்கு இதுவும் தப்புன்னா? அந்தக் குழந்தை குளிக்கற தண்ணி சார்." பேட்டி எடுக்கப் போனவன் நான். கடைசியில் என் குறிப்புகளில் கேள்விக்குறிகள்தான் மிஞ்சின. எல்லாம் அவருடையவை.

பொறியாளரைக் கேட்டால் தெளிவு கிடைக்கும் என்று போனேன். அவர் தேநீரை ஆறவிட்டுவிட்டு வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொளுத்தலைன்னா கோடையில தானா எரியும். கொளுத்தின மறுநாளே மழை கொட்டினா அந்தச் சாம்பலும் ஏரிக்குத்தான் வரும். கொஞ்சமாத்தான் வரும்னு கணக்கு சொல்லுது. கணக்கு சொல்றதை நம்புறேன், ஆனா தூக்கம் வர மாட்டேங்குது" என்றார். நான் இன்னும் அதிகமாகக் குழம்பி வெளியே வந்தேன்.

காற்று மாறும் பருவத்துக்கு முன்னால் இன்னொரு நல்ல நாள் கிடைத்தது. இதை விட்டால் இந்த வருஷம் வேறு நாள் இல்லை. பனி உலர்ந்ததும் ஏறினோம். இந்த முறை மேஸ்திரி தன் லைட்டரை மதிய உணவுப் பாத்திரத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். உச்சியில் தீ தாண்டாமலிருக்கத் தீத்தடுப்புக் கோடு வெறும் மண் தெரியச் செதுக்கப்பட்டிருந்தது. பொறியாளர் காற்றை அளந்தார். "சரி." மேஸ்திரி ஆட்களைக் கண்ணால் எண்ணினார். "சரி."

தீப்பெட்டியார் குனிந்து ஒரு பிடி சருகை அள்ளிக் கசக்கினார். நொறுங்கியது. இன்னொரு பிடி அள்ளினார். அதுவும் நொறுங்கியது. "சரின்னும் சொல்ல வரல, வேணாம்னும் சொல்ல வரல மேடம்."

"வேணாம்னு தோணுச்சுன்னா சொல்லிடுங்கண்ணா, இறங்கிடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"என் பேத்திக்கு எந்தத் தண்ணி வரும்? அதைச் சொல்லுங்க."

பொறியாளர் ஏரியைப் பார்த்தார். "கொளுத்தினா என்ன வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுண்ணா. கொளுத்தலைன்னா என்ன வரும்னு போன வருஷம் ரெண்டு பேருமே பாத்தோம்."

தீப்பெட்டியார் உதடு அசைந்தது. மேஸ்திரி காதருகே கை வைத்தார். "சத்தமா சொல்லுங்கண்ணே. விதிப்படி எங்க காதுல விழணும்."

"சரிய்யா. சரி. போதுமா?"

நீண்ட மூக்குள்ள கேனை அவர் கையில்தான் கொடுத்தார்கள். மூக்கின் நுனியில் திரி எரியும். சாய்த்தால் எண்ணெய் நெருப்புச் சொட்டுகளாக விழும். கோட்டை ஒட்டி நடந்தபடி சாய்த்துக்கொண்டே போனார். பழகாத கை என்பதால் சொட்டுகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் தள்ளித் தள்ளியும் விழுந்தன. சருகு பற்றியது. மேலிருந்து கீழாக, காற்றுக்கு எதிராகப் போக வேண்டியிருந்ததால் தீ அவசரப்படவில்லை. கணுக்கால் உயரத்துக்குச் சுடர். பெரிய மரங்களின் அடிப்பட்டையைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த சருகுக்கு நகர்ந்தது. இவ்வளவு சாதுவான தீயை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பயமாக இருந்தது.

கேனை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு அவர் திடீரென்று சுற்றிக்கொண்டு கீழே இறங்கினார். எரியாத பக்கத்தில், தீக்கு எதிரே போய் நின்றுகொண்டார். "அண்ணே, அங்க ஏன் நிக்கறீங்க? வெளிய வாங்க!" என்று மேஸ்திரி கத்தினார். தீப்பெட்டியார் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தீ மெதுவாக அவரை நோக்கி வந்தது. ஒரு சுள்ளியைப் பற்றிக்கொண்டு அவர் காலுக்கு மிக அருகில் எரிந்தது. ஒரு மிதி மிதித்தால் அணைந்துவிடும். அவருடைய வலது பூட்ஸ் தரையை விட்டு எழும்பியது. மேஸ்திரி மறுபடி வாயைத் திறந்தார். பொறியாளர் கையைக் காட்டி அடக்கினார்.

தூக்கிய காலை அவர் முன்னால் வைக்கவில்லை, பக்கத்தில் வைத்தார். இன்னொரு காலையும் அதனருகே இழுத்துக்கொண்டு, குறுகலான சந்தில் எதிரே வருகிறவருக்கு ஒதுங்குவதுபோல் உடம்பைத் திருப்பி, அதற்கு வழி விட்டார்.