இடக்கைக்கு மாறிய பொல்லு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாரி மழையில் நனைந்த படியில் வழுக்கி விழுந்து, வலது இடுப்பு எலும்பு உடைந்துபோனது. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து, உடைந்த எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றைப் பொருத்தினார்கள்.

வீடு வந்த இரண்டாம் மாதம் இடுப்பு நோவு அடங்கியது, நாரி பிடித்துக்கொண்டது. நாலடி வைத்தால் போதும், கீழ் முதுகில் கத்தி இறங்கும். உள்ளே வைத்த உலோகம் இடம் பெயர்ந்துவிட்டதென்றே நினைத்தேன். மறுபடியும் வெட்டுவார்களோ என்ற பயத்தில் யாருக்கும் சொல்லவில்லை. என் கணவர் கடற்தொழிலாளி. தொழிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, என் இடது கையைப் பிடித்தபடி முற்றத்தில் நடத்துவார். ஊன்றி நடக்கும் பொல்லு வலது கையில் இருக்கும். ஒருநாள் பாதி முற்றத்தில் நான் அழுதுவிட்டேன். அப்போதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

அடுத்த கிழமை ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுத்துப் பார்த்த டொக்டர், வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கிறதென்று சொல்லி, உடற்பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் அனுப்பினார். என் மாணவிகளின் வயதுதான் இருக்கும் அவவுக்கு. வாசலில் இருந்து யன்னல்வரை எங்களை நடக்கவிட்டுப் பார்த்தா.

“ஐயா, கையை விடுங்கோ,” என்றா. பிறகு என் பொல்லை வாங்கி இடது கையில் தந்தா. நோவுள்ள காலுக்கு மற்றப் பக்கத்தில்தான் பொல்லு இருக்க வேண்டுமாம். “ரீச்சர், புது இடுப்பை நீங்கள் நம்பேல்லை. அதின்ரை பாரத்தையும் நாரிதான் சுமக்குது.”

கணவரின் முகம் வாடிவிட்டது. “அப்ப நான் பிடிச்சதாலைதானோ இவவுக்கு நோவு?”

“நீங்கள் பிடிச்சதாலைதான் அவ திரும்ப விழேல்லை. இனி விடலாம்.”

அவ தந்த பயிற்சி இதுதான்: காலையும் மாலையும் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கிப் பத்து எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கட்டில் இருந்தது விறாந்தையில். வருவோர் போவோருக்கு முன்னால், நாற்பத்தெட்டு வயதில், ஒரு ரீச்சர் இதை எப்படிச் செய்வது? மூன்று நாள் சாட்டுச் சொன்னேன். நாலாம் நாள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்தார்.

“நீர் ஏன் வெக்கப்படுறீர்? நானும் செய்யிறன்,” என்று சொல்லிப் படுத்து, இடுப்பைத் தூக்கிச் சத்தமாக எண்ணவும் தொடங்கினார். எட்டில் அவருக்கு மூச்சு வாங்கியது. நான் சிரித்துக்கொண்டே பத்துவரை எண்ணி முடித்தேன்.

நோவு ஒரே நாளில் போகவில்லை. வந்து வந்து, நாலு மாதத்தில் பெரும்பாலும் குறைந்தது. நோவென்று நான் சொன்னதில் எவ்வளவு பயம், எவ்வளவு எலும்பு என்று இன்றும் எனக்குப் பிரிக்கத் தெரியாது. அவர் பழையபடி கடலுக்குப் போனார். நான் தனியே மாதா கோயிலுக்கு நடந்துபோனேன். எல்லோரும் முழந்தாளிட்டபோது நான் இரண்டு காலிலும் பாரத்தை வைத்து நின்றபடி செபித்தேன்.