ஆறு சக்கரங்களின் எடை

அந்தப் பெண்மணி சோக்கட்டியால் தார்த் தரையில் ஆறு எண்களை எழுதினார். எங்கள் பிக்கப் வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும், பின்னால் பூட்டியிருந்த கரவன் என்னும் இழுவை வீட்டின் இரண்டு சக்கரங்களுக்கும் பக்கத்தில், ஒவ்வொன்றும் எவ்வளவு பாரத்தைத் தாங்கி நிற்கிறது என்று குனிந்து குனிந்து எழுதினார். முடிந்ததும் முழங்காலைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கிய மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் கணவரை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்துவிட்டு வரச் சொன்னார். கணவர் நடந்தார். மூன்றாவது சக்கரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். கரவனின் சக்கரங்களுக்கு வந்தபோது நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அந்தப் பெண்மணியின் பெயர் எனக்குத் தெரியாது. வீதியோர வாகன நிறுவைக் கூடத்தில் வேலை செய்த உத்தியோகத்தர். ஐம்பது வயது இருக்கும். மஞ்சள் மேற்சட்டை, வெயிலில் சிவந்த கன்னம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நாங்கள் ஒன்றாக இருந்ததில்லை. இருந்தும், நோர்வேயில் யாருக்கு நன்றிக்கடன்பட்டிருக்கிறாய் என்று என்னைக் கேட்டால், நான் முதலில் நினைப்பது அவரைத்தான்.

2000களின் நடுப்பகுதி அது. நாங்கள் ஓஸ்லோவின் புருசெத் பகுதியில் குடியிருந்தோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. கணவர் வீடு மாற்றிக் கொடுக்கும் நிறுவனமொன்றில் வேலை செய்தார். அலுமாரி, குளிர்சாதனப்பெட்டி, சிலவேளை பியானோகூட மாடிப்படிகளில் தூக்கி இறக்கும் வேலை. அந்த ஆண்டின் வசந்தத்தில் ஒரு பழைய கரவனை வாங்கி, தன்னுடைய பிக்கப்பின் பின்னால் பூட்டினார். அந்தக் கோடையில், மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரில் அவருடைய தங்கையின் மகளுக்குக் கலியாணம். மணவறையை ஓஸ்லோவிலிருந்து நாங்களே கொண்டுவருகிறோம் என்று ஏற்றுக்கொண்டிருந்தார். மணவறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அரிசி மூட்டைகள் வந்தன, தேங்காய் வந்தது, இரவல் வாங்கிய பெரிய சமையல் கிடாரங்கள் மூன்று வந்தன, கடைசியாக ஒரு பெரிய கிரைண்டரும் வந்தது. பேர்கனில் அரிசி விற்கமாட்டார்களா என்று கேட்டேன். விலையைப் பற்றி ஒரு நீண்ட விளக்கம் கிடைத்தது.

எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபோது பிக்கப்பின் பின்பக்கம் அமிழ்ந்து, முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கணவர் சற்று யோசித்தார். பிறகு கிரைண்டரையும் அரிசியில் பாதியையும் எடுத்து, கரவனின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய் வைத்தார். பிக்கப் நிமிர்ந்தது. தள்ளி நின்று பார்த்து, தலையை ஆட்டினார். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சொன்னேன்.

"நான் ஒவ்வொரு நாளும் பாரம் தூக்கிறவன். எனக்குத் தெரியாதே?" என்றார். "நீர் சும்மா பயப்பிடாமல் ஏறும்."

ஏறினேன். நகரத்துக்குள் மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. பெருவீதியில் வேகம் கூடியபோதுதான், பின்னாலிருந்து யாரோ எங்கள் வண்டியைப் பிடித்து இடமும் வலமுமாக இழுப்பதுபோல் இருந்தது. ஒரு பாரவூர்தி எங்களை முந்திக்கொண்டு போனபோது, கரவன் நாய் வாலை ஆட்டுவதுபோல் ஆடியது. கணவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி ஒருவாறு நேராக்கினார். பின்சீட்டில் மகள் தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் கதவுப் பிடியை விடவே இல்லை. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை. சொன்னால் அவருக்குக் கோபம் வரும், கோபத்தில் இன்னும் வேகமாக ஓட்டுவார் என்று நினைத்தேன். அப்படியே இரண்டு மணித்தியாலம் போனோம். அதற்குப் பிறகுதான் வீதியோரத்தில் அந்த மஞ்சள் மேற்சட்டை கையை நீட்டி எங்களை மறித்தது.

எண்களை எழுதி முடித்தபின் அவர் வாகனப் பதிவு அட்டைகளைக் காட்டி, எங்கே பிழை விட்டோம் என்று விளக்கினார். வண்டி தாங்கக்கூடியது என்று அட்டையில் இருக்கும் பாரம் பெட்டிகளுக்கு மட்டும் உரியதல்ல; நாங்கள் நான்கு பேரும் அதற்குள் அடக்கம், கரவனின் முன்முனை, அதாவது மூக்கு, வண்டியின் கொக்கியை அழுத்துகிற பாரமும் அடக்கம். கரவனிலோ இருநூறு கிலோ அளவில்தான் ஏற்றலாம். நாங்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியிருந்தோம். பிறகு கரவனைக் கழற்றச் சொல்லி, அதன் மூக்கைக் கையால் தூக்கிப் பார்க்கும்படி கணவரிடம் சொன்னார். அவர் ஒரே கையால் தூக்கிவிட்டார். அவருடைய முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம்கூடத் தெரிந்தது. இது இவ்வளவு இலேசாக எழும்பக்கூடாது என்று அந்தப் பெண்மணி அமைதியாகச் சொன்னார். கடைசி மூலையில் இருக்கும் பாரம் மூக்கை மேலே தூக்குகிறது, அதனால்தான் வால் ஆடுகிறது.

வால் ஆடவில்லை என்றார் கணவர். கொஞ்சம் காற்று, அவ்வளவுதான்.

அப்போது அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். "வரும் வழியில் உனக்குப் பயமாக இருந்ததா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். யோசிக்காமல் வந்த பதில் அது. பத்து, பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் வெளியாட்களுக்கு முன்னால் கணவரை விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. அந்தப் பெண்மணி அந்தப் பதிலை எழுதிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. என் கைகளைப் பார்த்தார். கதவுப் பிடியின் தடம் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதே குரலில், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், மறுபடியும் கேட்டார்.

"ஓம்" என்று எனக்குத் தமிழில்தான் வந்தது. பிறகு நோர்வேஜிய மொழியில் சொன்னேன். ஓஸ்லோவை விட்டு வெளிக்கிட்ட நேரத்திலிருந்து பயமாக இருந்தது, பிள்ளைகளுக்கும் பயமாக இருந்தது என்று. சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. கணவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அதில் கோபம் இருக்கவில்லை. நான் ஏதோ அவருக்குத் தெரியாத மொழியில் கதைத்ததுபோல் பார்த்தார்.

சட்டப்படி எழுதவேண்டியதை அந்தப் பெண்மணி எழுதினார். அதில் தயவு காட்டவில்லை. ஆனால் எழுதி முடித்ததும் கையுறையைப் போட்டுக்கொண்டு எங்களோடு பாரம் இறக்க வந்தார். கிரைண்டரின் ஒரு பக்கத்தைக் கணவரும் மறு பக்கத்தை அவருமாகத் தூக்கினார்கள். இது என்ன இயந்திரம் என்று கேட்டார். தோசைக்கு மா அரைப்பது என்றேன். இவ்வளவு பெரிதா என்றார். அரிசி மூட்டைகளும் தேங்காயும் இரண்டு கிடாரங்களும் கிரைண்டரும் வெளியே வந்தன. மணவறைப் பலகைகளைக் கரவனின் சக்கரங்களுக்கு நேர் மேலே, தரையோடு தாழ வைத்துக் கட்டச் சொன்னார். இறக்கியவற்றை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றோம். இப்படிச் செய்யும் வழக்கமில்லை என்று சொல்லிக்கொண்டே, கூடத்தின் பின்னாலிருந்த கொட்டகையைத் திறந்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் வந்து எடுக்கவேண்டும்.

மறுபடியும் எடை பார்த்தார். பழைய எண்களுக்குக் கீழே புதிய எண்களை எழுதினார். போகுமுன் கணவரிடம் இரண்டு விஷயம் சொன்னார். பள்ளத்தில் இறங்கத் தொடங்கியபின் கியரைத் தேடாதே, தொடங்குமுன்பே குறைத்துவிடு. கரவன் ஆடினால் ஸ்டியரிங்கோடு சண்டை பிடிக்காதே, காலை எடுத்து வேகத்தைக் குறையவிடு.

கணவர் நன்றிகூடச் சொல்லாமல் ஏறினார். மலையைத் தாண்டும்வரை பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஆனால் கரவன் ஆடவில்லை. எங்கள் பின்னால் அமைதியாக வந்துகொண்டிருந்தது. மகன் நித்திரையாகிவிட்டான்.

மேற்குப் பக்கத்தில் வீதி மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. கணவர் கியரைக் குறைத்துக்கொண்டார். ஒரு சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்ததும், வளைவில் ஒரு சுற்றுலாப் பேருந்து எதிரே வந்த பாரவூர்திக்கு வழிவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் கற்பாறை, மறுபக்கம் கீழே ஆறு. கணவர் பிரேக்கை அழுத்தினார். நான் கண்ணை மூடினேன். திறந்தபோது நாங்கள் நின்றிருந்தோம். பேருந்தின் பின் கண்ணாடிக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு ஆள் நடந்து போகும் அளவு இடம் இருந்தது. கரவன் நேராக எங்களுக்குப் பின்னால் நின்றது.

அடுத்த ஒதுக்கிடத்தில் வண்டியை நிறுத்தினார். "காலமை ஏத்தின பாரத்தோடை வந்திருந்தால்..." என்று தொடங்கினார். பின்னால் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய்க் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

கலியாண மண்டபத்தில் பெரியத்தான், அதாவது கணவரின் தமையன், வாசலிலேயே பிடித்துக்கொண்டார். இவ்வளவு பெரிய வண்டியில் வந்திருக்கிறாய், கிரைண்டர் எங்கே, அரிசி எங்கே என்று பத்துப் பேருக்கு முன்னால் கேட்டுச் சிரித்தார். கணவர் ஏதாவது சாட்டுச் சொல்வார், கிரைண்டர் பழுதாகிவிட்டது என்றால் நானும் ஓம் போடவேண்டும் என்று மனதைத் தயாராக்கிக்கொண்டேன்.

"பாரம் கூடிப்போச்செண்டு வழியிலை மறிச்சுப்போட்டினம்" என்றார் கணவர். "பிழை என்ரைதான். இவ ஓஸ்லோவிலையிருந்து பயந்துகொண்டு வந்தவ. நான் அதைக் கேக்கவேயில்லை."

பெரியத்தானின் சிரிப்பு நின்றது. யாரோ கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அரிசி வாங்கப் போனார்கள். பேர்கனில் அரிசி இருந்தது.

திங்கட்கிழமை சாமான்களை எடுக்கப் போனபோது அந்தப் பெண்மணி வேலையில் இல்லை. சாமான்கள் மேல் ஒரு தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. கணவர் கலியாணப் பலகாரத்தில் ஒரு பெட்டி நிறைய எடுத்து, அவருக்குக் கொடுக்கும்படி அங்கிருந்த உத்தியோகத்தரிடம் கொடுத்தார். என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல், எங்களை மறித்ததற்கு நன்றி என்று சொல்லுங்கள் என்றார். சாமான்களை நாங்கள் அன்று ஏற்றவில்லை, ஒரு நாள் தவணை கேட்டோம். அடுத்த நாள் கணவர் தன் வேலைத்தலத்து நண்பரின் வெறும் வான் வண்டியில் வந்து ஏற்றினார்.

அதற்குப் பிறகும் அந்தக் கரவனில் பல கோடைகள் போனோம். நிறுவைக் கூடங்களில் சிலமுறை மறித்தார்கள், பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்தப் பெண்மணியை மட்டும் பிறகு காணவில்லை. இப்போது ஓய்வு பெற்றிருப்பார்.

போன மாதம் மகள் ஓஸ்லோவிலேயே மோர்டென்ஸ்ருட்டில் ஒரு வீடு எடுத்துக் குடிபோனாள். வாடகைக்கு எடுத்த இழுவைப்பெட்டியில் கட்டில், அலுமாரி, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எல்லாம் ஏற்றியாயிற்று. கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த கணவர் கையை நிறுத்திவிட்டு, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். ரண்டு தரம் போவமே என்றேன். கயிற்றை அவிழ்த்து, இயந்திரத்தை இறக்கினார்.

இரண்டு தரம் போனோம்.