கடைசி எட்டுப் பக்கங்கள்

நெல் அவிக்கிற வாசனை இன்றைக்கும் மூக்கில் ஏறினால் எனக்கு அக்கா ஞாபகம்தான். கும்பப்பூ என்கிற மாசி அறுப்புக் காலத்தில் எங்கள் வீட்டுக்குள் எங்கு திரும்பினாலும் அந்த ஆவிதான். அதன் நடுவே, நெல் குவித்துவைக்கும் 'அரங்கு' என்ற உள்ளறையில், மரக் கம்பிகளால் அழி போட்ட சன்னலோரம் அக்கா ஒரு தடித்த நாவலை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த வருஷங்கள் அவை. எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினைந்து.

அக்கா 'திரண்ட' அன்றோடு, அதாவது பெரியவளான அன்றோடு, அவள் பள்ளிக்கூடம் நின்றது. அப்பா ஊர் வாசகசாலையின் செயலாளர், பெரிய வாசிப்புக்காரர். "எத்தன புஸ்தகம் வேணும்னாலும் படிக்கட்டு, வாசல் நடைய மட்டும் எறங்கப்பிடாது" என்பார், என்னவோ பெரிய தாராளம் போல. அவர் கையாலேயே கொண்டுவந்து கொடுத்த அந்தப் பழைய நாவலில், கட்டிக்கொடுத்த வீட்டார் ஒரு பெண்ணை அறைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். அவளோ அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அதை முழுக்கப் படித்தவர்தான். தன் வீட்டு அரங்கு மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

அந்த அறுப்பின்போது அக்காவின் பழைய டீச்சர் என்னிடம் ரகசியமாகச் சேதி சொல்லி அனுப்பினார். நாகர்கோவிலில் விடுதியுள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் இருக்கிறது, புதன்கிழமை பரீட்சை, காலை முதல் பஸ்ஸுக்கு வந்தால் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். அன்றைக்கு அப்பாவும் அம்மையும் விடியும்போதே வயலுக்குப் போய்விடுவார்கள். வயசுப்பெண்ணைத் தனியாக விடக்கூடாது என்று அவளுக்குக் காவலாக வைக்கப்பட்டவள் நான்.

அக்காவுக்குப் பயம். எங்கள் ஊரில் அப்படி இறங்கிப்போன பெண் ஒருத்திகூடக் கிடையாது. அவளுக்குத் தெரிந்த ஒரே ஒருத்தி அந்த நாவல்காரிதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், நாவல்காரி தாழ்ப்பாளில் கை வைக்கும் இடம்வரை படித்திருந்தபோது, அறுப்பாட்களுக்குக் கஞ்சி வைக்க அம்மை கூப்பிட்டுவிட்டாள். மீதியை நான் எடுத்துப் படித்தேன். அவள் போய்விடுகிறாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். அக்காவும் போய்விட்டால், அடி வாங்குவது நான், நாளைக்குத் திரண்டு அந்த அரங்கில் தனியாக உட்காரப்போவதும் நான். எட்டுப் பக்கங்களையும் கிழித்து நெல் அவிக்கும் அடுப்பில் போட்டேன்.

கஞ்சி வேலை முடிந்து வந்த அக்கா புத்தகத்தைப் புரட்டினாள். "ஏட்டி, மீதிய எங்க?"

"கிழிஞ்சு போச்சுக்கா. நான் முந்தியே படிச்சிட்டேன்."

"போனாளா?"

"இல்ல. கதவத் தொறந்தா, பயந்துட்டு உள்ளயே திரும்பிட்டா."

கொஞ்சமும் வாய் கூசாமல் சொன்னேன்.

புதன்கிழமை காலை அக்கா தலைசீவி, பச்சைத் தாவணி உடுத்து, வாசல் நடைக்கு வந்து கதவுக் கொண்டியில் கை வைத்தாள். தெருமுனையில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இரண்டு தடவை ஹாரன் அடித்தது. டீச்சர் சொல்லித்தான் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது, பாவி நான் சொல்லவில்லை. பஸ் கிளம்பிப் போயிற்று. "கஞ்சி ஒல கொதிச்சிருக்கும் மக்கா" என்று அக்கா உள்ளே போனாள். சித்திரையில் அவளுக்குக் கல்யாணம் முடித்து, இன்னொரு அரங்கு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்போது அந்த வீடும் இல்லை, அழிச் சன்னலும் இல்லை. வயலில் பாதி வீட்டுமனையாகிவிட்டது. அந்தத் தெருப் பெண்பிள்ளைகள் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் பறக்கிறார்கள். போன மாதம், எண்பது தாண்டிய அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்பம் அவ போனாளா?" என்று கேட்டாள்.

"போனாக்கா. திரும்பியே பாக்கல்ல."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தியாவது போனாளே" என்றாள்.