நன்றாகத் தெலுங்கு பேசிய குற்றம்

திருப்பதியில் ஒரு லாட்ஜில் நான் எலக்ட்ரீஷியன். கீசர் ஓடவில்லை என்று கூப்பிடும் பக்தர்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். "நீள்ளு... வேடி... லேது" என்று, வெந்நீர் வரவில்லை என்பதைத் தெரிந்த தெலுங்கில் சொல்லத் தடுமாறுவார்கள். "சொல்லுங்க சார், பாத்துடலாம்" என்றால், "அட, நல்லா தமிழ் பேசறீங்களே, எங்க கத்துக்கினீங்க?" என்பார்கள். குடியாத்தத்தில் பிறந்து பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவனிடம் இந்தக் கேள்வி. முன்பெல்லாம் சிரித்துவிடுவேன். இந்த வருடம் சிரிப்பு வருவதில்லை.

என் மகள் தேன்மொழி இங்கேயே பிறந்தவள். இன்டரில், அதாவது இங்கத்துப் பிளஸ் டூவில், நல்ல மார்க் எடுத்தாள். நர்சிங் படிக்க ஆசை. அரசு உதவித்தொகைக்குப் போனோம். என் சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் வாங்கியதாம், இங்கே செல்லாதாம். சரியென்று பஸ் ஏறி ஊருக்குப் போய்க் கேட்டேன். "பொண்ணு பொறந்தது, படிச்சது எல்லாம் ஆந்திரா. அங்கயே கேளுப்பா" என்றார் அங்கிருந்த அதிகாரி. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊரில் இருக்கும் என் உறவினர்களே, "ஆந்திராவுல எல்லாம் சும்மாவே குடுக்கறாங்களாமே" என்று போனில் கேட்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போதுதான் ஒரு தனியார் அறக்கட்டளையின் அறிவிப்பு கண்ணில் பட்டது. வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உதவித்தொகை. எங்களுக்காகவே அச்சடித்த மாதிரி இருந்தது. சித்தூரில் நேர்காணல். முந்தின வருடம் போய்வந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "தெலுங்கு சரளமா பேசினா உள்ளூருன்னு தள்ளிடுவாங்க. தட்டுத்தடுமாறி பேசச் சொல்லு."

பஸ்ஸில் அதை மகளிடம் சொன்னேன். "கொஞ்சம் தப்புத்தப்பா பேசும்மா. தமிழ் கலந்துக்கினு பேசு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாம் வகுப்பில் தெலுங்குப் பாடம் வாசிக்கும்போது அவளுக்கு நாக்கு புரளவில்லை. 'அரவ பிள்ள' என்று வகுப்பே சிரித்தது. தமிழ்ப் பெண் என்பதை இங்கே இப்படித்தான் கேலியாகச் சொல்வார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள் கண்ணாடி முன் நின்று, தமிழில் இல்லாத அந்த எழுத்துகளை அடித்தொண்டையிலிருந்து ஒரு மாதம் சொல்லிச் சொல்லிப் பழகினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நைனா, அவங்க சிரிச்சாங்கன்னுதான் கத்துக்கினேன். இப்ப இவங்களுக்காவ தெரியாத மாதிரி நடிக்கணுமா?"

சித்தூர் வந்ததும் இருவரும் இறங்கி நடந்தோம்.

நேர்காணல் அறைக்குள் நானும் கூடப் போனேன். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் சுத்தமான தெலுங்கில் பதில் சொன்னாள். நடுவில் இருந்தவர் ரசித்துக் கேட்டுவிட்டு, "இந்த பாகா மாட்லாடுதுன்னாவு, நுவ்வு வலச குடும்பம் எலா அவுதாவம்மா?" என்றார். இவ்வளவு நன்றாகப் பேசுகிறாய், நீ எப்படியம்மா பிழைக்க வந்த குடும்பமாவாய் என்று.

தேன்மொழி தெலுங்கிலேயே சொன்னாள்: "சார், ஸ்கூல்ல நான் அரவம். ஆபீஸ்ல வெளிமாநிலம். இங்க உள்ளூர். எந்த ரூம்ல எந்த ஊர்க்காரியா இருக்கணும்னு எழுதிக் குடுத்துடுங்க, அப்படியே இருக்கறேன்."

அவர் கோபப்படவில்லை. புன்னகையோடு எதையோ குறித்துக்கொண்டார். அந்தப் புன்னகையைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: புலம்பெயர்ந்த குடும்பம் என்பது நிரூபிக்கப்படவில்லை. பதினெட்டு வருடம் வாடகை வீடுகளில் மாறி மாறி இருந்த எனக்கு, நான் எங்கிருந்தும் வரவில்லை என்று ஒருவர் எழுதி அனுப்புகிறார்.

அவர்கள் மேல் இருக்கும் கோபத்தைவிட என் மேல் இருக்கும் கோபம் பெரிது. ஒரு மாதம் கண்ணாடி முன் நின்று சம்பாதித்த நாக்கை ஒடித்துக்கொள் என்று சொன்னது நான்தானே.

நர்சிங் இல்லை. சித்தூரில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள். சேர்க்கைப் படிவத்தில் நான் எனக்கு வரும் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே அவள் தெலுங்கில் போட்டாள். தமிழ் படிக்க அவளுக்கு இங்கே பள்ளிக்கூடம் அமையவில்லை. எனக்குத் தெலுங்கு எழுத்து வராது. நான் ஆசையாக வைத்த பெயர் அந்தத் தாளில் வட்டம் வட்டமாக இருந்தது. அவளும் என் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.