எழுபத்தொன்பது அடி

அன்று பிற்பகல் அந்தச் சாலையோரத்தில் ஒன்பது பேர் இருந்தோம். மீன் ஏற்றும் லோடு ஆட்டோவின் சாவியைக் கையில் பிடித்தபடி என் தாய்மாமா. முந்தின நாள் காலை அந்த வண்டி மோதிச் செத்த பசுவின் சொந்தக்காரர். இரண்டு பேருக்கும் நடுவில் பேசி முடிக்க வந்த பழைய வார்டு மெம்பர். டீக்கடையிலிருந்து எழுந்து வந்த ஐந்து பேர். கால்குலேட்டரோடு நான். போலீஸ் இல்லை, அது இரண்டு தரப்புக்குமே வேண்டாம். மாட்டுக்காரரின் மனைவி வரவில்லை. நெல்லும் இல்லை.

மாமா கடலூர் முதுநகரில் விடியற்காலை மீன் ஏற்றி, சிதம்பரத்தில் பாதியை இறக்கிவிட்டு, மீதியைக் கீரப்பாளையம் பக்கம் கொண்டுபோவார். விபத்து நடந்தது அந்த வழியில்தான். என்னை அவர்தான் போன் போட்டு வரச் சொன்னார். "மாப்ள, நீ காலேஜ் படிக்கிறவன். நீ பேசுனா கேப்பாங்க." எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். அதற்கான பணத்தில் பெரும்பங்கு மாமாவுடையது. வகுப்பை விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நான் படித்தது வணிகவியல். ஆனால் அந்தப் பருவத்தில் எங்களுக்கும் ஒரு இயற்பியல் தாள் இருந்தது, அறிவியல் எடுக்காதவர்களுக்கென்று. ஒல்லியான புத்தகம். முதல் பாடம் அலகுகள், இரண்டாவது இயக்கம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாடம் எனக்கு முழுசாகப் புரிந்தது. தூரம் தெரிந்தால் வேகம் தெரியும், சாட்சி தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிவிட்டால் போதும். அந்தப் புத்தகம் அன்று என் பையில் இருந்தது.

"எம்பதுல வந்தான்" என்றார் மாட்டுக்காரர். "கண்ணால பாத்தேன்."

"நாப்பதுக்கு மேல போவல. நெல்லு வழுக்கிடுச்சுண்ணே. ரோட்டுல நெல்லு கெடந்துச்சு" என்றார் மாமா.

"நெல்லா? எங்கய்யா நெல்லு?"

எல்லோரும் சாலையைப் பார்த்தோம். தார் பளிச்சென்று கிடந்தது. வண்டியின் ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்து ஒரு வருஷம் இருக்கும். அதனால் மாமாவின் நாற்பதுக்கு மாமாவைத் தவிர ஆதாரம் கிடையாது.

மெம்பர் கணக்கைச் சுருக்கமாகச் சொன்னார். மாடு பதினெட்டாயிரம். ஓட்டுனவன் நிதானமாகத்தான் வந்தான் என்றால், மாட்டைக் கட்டாமல் விட்டதும் தப்பு, ஆளுக்குப் பாதி. வேகமாக வந்தான் என்றால் முழுசும் அவன்தான் தரணும். மாமாவுக்குப் பணத்தைவிடப் பேர்தான் பயம். வேகமாக ஓட்டி மாட்டை அடித்தவன் என்று முதுநகர் வியாபாரிகள் காதுக்குப் போனால் நாளைக்கு யார் சரக்கைக் கொடுத்தனுப்புவார்கள்?

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "வேகத்தைக் கண்டுபுடிச்சிரலாம். பிரேக் எங்க புடிச்சாரு, வண்டி எங்க நின்னுச்சு, அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அதில் தகராறு இல்லை. மதகு வந்ததும் பிரேக்கை மிதித்தேன் என்று மாமாவே சொன்னார், மாட்டுக்காரரும் தலையாட்டினார். வண்டி நின்ற இடத்தில் ரத்தக்கறை இன்னும் அழியாமல் இருந்தது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் டேப் வாங்கினோம். மாமா ஒரு முனையைப் பிடித்தார். எழுபத்தொன்பது அடி.

"மச்சான், தம்பி கணக்குப் போட்டு முடிக்கிறதுக்குள்ள மாடு எழுந்து வந்துரும் பாரு" என்றான் டீக்கடை ஆட்களில் ஒருவன். சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என் தோளைத் தொட்டுவிட்டு, "நீ போடு மாப்ள" என்றார்.

வண்டிப் பானெட்டின் மேல் நோட்டை வைத்தேன். அடியை மீட்டராக்கினேன்: இருபத்து நான்கு. பிரேக் பிடித்தால் வேகம் எவ்வளவு சீக்கிரம் குறையும் என்பதற்குப் புத்தகத்தில் ஒரு எடுத்துக்காட்டு இருந்தது, காய்ந்த தார்ச்சாலை. ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு ஏழு மீட்டர் குறையும். அதை எடுத்துக்கொண்டேன். இரண்டு தரம் ஏழு தரம் இருபத்து நான்கு, அதற்கு வர்க்கமூலம். பதினெட்டு சொச்சம். அது நொடிக்கு மீட்டர் கணக்கு. மணிக்குக் கிலோமீட்டராக்க மூன்று புள்ளி ஆறால் பெருக்கணும்.

அறுபத்தாறு.

அடியை மாற்றியதில் தப்பா என்று பார்த்தேன். இல்லை. பெருக்கலைத் திரும்பப் போட்டேன். அதே அறுபத்தாறு. மூன்றாவது தடவையும் அதுவேதான். சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் வர்க்கமூலம் தெரியாது. நாற்பது என்று சொன்னால் நாற்பதுதான். மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இவர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாரே என்று ஒரு கோபம் கூட வந்தது.

"என்ன தம்பி, எவ்ளோ வருது?" என்றார் மெம்பர்.

"அறுபத்தாறு."

மாட்டுக்காரர், "நான் சொன்னதை வுடக் கம்மிதான், பரவால்ல" என்றார். மாமா சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முழுசும் மாமா தருவதாகப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கடலூர் வரைக்கும் வண்டியில் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வந்தேன். நோட்டைப் பைக்குள் புத்தகத்தோடு திணித்துக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, வண்டி கழுவ நானாகவே போனேன். பின்சக்கர மட்கார்டின் உள்பக்கம் ஈரமண் அப்பியிருந்தது. குழாயைப் பிடித்ததும் மண்ணோடு கொத்தாக நெல் விழுந்தது. ஐஸ் தண்ணீர் ஒழுகி ஒழுகி அதில் நாலைந்து வெள்ளையாக முளை விட்டிருந்தது. மாமா அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். துணியைப் பிழிந்துகொண்டு மறுபக்கம் போய்விட்டார்.

என் பெருக்கலில் தப்பில்லை. அலகில் தப்பில்லை. அந்த ஏழுதான் தப்பு. அது காய்ந்த தாருக்கு. மாமா நெல்லு நெல்லு என்றபோது நான் சாலையைப் பார்த்தேன், அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் வகுப்புக்குப் போகாமல் அவரோடு அதே சாலைக்குப் போனேன். விபத்து நடந்த இடத்தைத் தாண்டி ஒரு அம்மா சாலையில் பாதியை அடைத்து நீளமாக நெல் காயப்போட்டிருந்தார். வண்டி ஏற்றிப் பார்க்கணும் என்றதும், "நொறுங்குனா யாரு குடுப்பா? முன்னூறு வச்சிட்டு என்னமோ பண்ணுங்க" என்றார். வைத்தோம். இருநூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கும் சாலை அது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் பதினெட்டு நொடி ஆனால் வேகம் நாற்பது. நான் செல்போனில் நொடி பார்க்க, மாமா ஓட்டினார். நெல் தொடங்கும் இடத்தில் "இப்ப!" என்று கத்தினேன். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் வாய்க்கால் ஓரமாகத் திரும்பியது. மாமா ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார். நின்றதும் இறங்கினேன். அளந்தேன். எழுபத்தாறு அடி. வெறும் தாரில் அதே வேகத்தில் இன்னொரு தடவை. முப்பத்தோரு அடி.

நெல் போட்ட அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாடு அடிபட்டுச்சே, அந்த வண்டியா? அது மாட்டுக்காரங்க நெல்லுதான். கேஸ் ஆயிடும்னு அந்த வூட்டுக்காரம்மா அன்னிக்கே கூட்டி அள்ளிட்டுப் போயிட்டா."

நோட்டை எடுத்துக்கொண்டு மெம்பர் வீட்டுக்குப் போனோம். பொறுமையாகத்தான் கேட்டார். நெல், தார், இரண்டு அளவு எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரிதான் தம்பி. நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். அன்னிக்கி நான் பாதிப் பாதின்னு முடிக்கத்தான் வந்தேன். அறுபத்தாறுன்னு சொன்னது யாரு?"

மாமாதான் பதில் சொன்னார்: "வுடுங்கண்ணே. புள்ள பொய் சொல்லல."

மாட்டுக்குப் பதினெட்டாயிரம், அந்த அம்மாவின் நெல்லுக்கு முந்நூறு. ஆக, பதினெட்டாயிரத்து முந்நூறு ரூபாய்.