முதல் படகில் ஏறியவர்

பேருந்துப் பணிமனையில் அந்த ஓட்டுநரைத் ‘தளபதி’ என்றால்தான் தெரியும். பழைய மன்னர் ஒருவரின் படைக்குத் தன் முன்னோர் ஒருவர் தலைமை தாங்கினார் என்று வாய் ஓயாமல் அளந்து, தானே தேடிக்கொண்ட பட்டம் அது. பிரேக் சரியில்லாத வண்டியைக் கொடுத்தாலும், “எங்க பரம்பரை பின்வாங்காது” என்பார்.

அந்த மன்னர் கைப்பட எழுதிய போர்க்குறிப்புகள் ஏலத்துக்கு வருகின்றன, அதற்கு முன் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று செய்தித்தாளில் படித்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மகளையும் மருமகனையும் இழுத்துக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் போனார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி கிளறியது போன்ற எழுத்து. அருகில் நின்ற ஏலக்கூடத்துப் பெண்மணியிடம் முன்னோரின் பெயரைச் சொல்லி, “இவரைப் பத்தி ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டார்.

“இருக்கே! ஒரு பக்கம் முழுக்க அவர்தான்.”

அவள் பெட்டியைத் திறந்து, தாள்களைப் பதமாகப் புரட்டி வாசித்தாள். ஆற்றங்கரைச் சண்டையில் காயம்பட்ட வீரர்களைக் கரையிலேயே விட்டுவிட்டு, தளபதி முதல் படகில் ஏறித் தப்பிவிட்டான் என்று மன்னர் எழுதியிருந்தார். கீழே, விடப்பட்டவர்களின் பெயர்கள்.

“உங்களுக்குச் சொந்தமா சார்?”

“சேச்சே! அவருக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்? சும்மா கேட்டேன்.”

மருமகன் கூரையைப் பார்த்தான். மகள் அப்பாவையே பார்த்தாள். அவர் கூனிக்குறுகிப் போனார்.

வீடு வந்து இறங்கும்போது மகள், “அவர் ஓடினதுகூடப் பரவாயில்லப்பா. இத்தனை வருஷமா எங்க ஆளு, எங்க ஆளுன்னீங்க. ஒரு நிமிஷத்துல கை கழுவிட்டீங்களே” என்றாள்.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுத் தனியாகப் போனார். பெண்மணியின் முகத்தைப் பார்க்கக் கூசி, பெட்டியைப் பார்த்தே பேசினார்.

“நேத்து பொய் சொல்லிட்டேன்மா. அவர் எங்க ஆளுதான். கீழ இருக்கற பேரையெல்லாம் கொஞ்சம் படிக்கிறீங்களா?”

அவள் நிதானமாகப் படித்தாள். ஒரு பெயரும் அவர் கேள்விப்பட்டதில்லை. இவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருந்திருப்பார்கள் என்று தோன்றியதும் காதுமடல் சுட்டது.

பணிமனையில் தானே எல்லாவற்றையும் சொன்னார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. “முதல் வண்டி உங்களுதுதானே? வழக்கம்போல முதல் ஆளா ஏறிடுங்க” என்றார் நடத்துநர். தளபதியும் சிரிக்கப் பார்த்தார், முகம்தான் ஒத்துழைக்கவில்லை.

ஏலம் முடிந்த வாரம் மகள் வந்திருந்தாள். அப்பா ஏலக்கூடத்துக்குத் திரும்பப் போனதைக் கேட்டு, அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

“அவங்க பேரெல்லாம் என்னப்பா?”

சொல்ல வாயெடுத்தார். ஒன்றுகூட முழுசாக வரவில்லை. மன்னரின் குறிப்புகளும் விலைபோய், யாரோ ஒரு வெளியூர்க்காரரோடு கிளம்பிவிட்டிருந்தன. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“மறந்துட்டேன்மா” என்றார்.