ஆயுத பூஜையன்று அக்காவின் மோட்டார்கள்

இலை போடும்வரை இந்த நினைவு மலரை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்தப் பொறுமை அக்காவுக்கு இருந்ததில்லை. அவருடைய முதலாண்டு நினைவு நாளுக்கு அவரே வந்திருந்தால், இந்நேரம் பலமுறை எழுந்து வாசலுக்குப் போய்வந்திருப்பார்.

அக்கா பிறந்தது ஆவடியில், அப்பாவுக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒதுக்கிய குவார்ட்டர்ஸில். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த பெற்றோருக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அக்காவுக்கு உட்கார்ந்து படிக்க வராது. புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி பருத்திப்பட்டு ஏரிவரை நடந்துகொண்டே படிப்பார். பஸ் நெரிசலில் நின்றால் இறங்கி நடந்துபோய், அடுத்த நிறுத்தத்தில் அதே பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் அமர்வார். பார்ப்பவர்கள் என்னைத்தான் பாவமாகப் பார்ப்பார்கள்.

வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு, "அங்க எல்லாம் ரொம்ப அமைதி, எனக்கு ஒத்துவரலை" என்று புகார் சொல்லியபடி திரும்பி வந்தார். அத்தானை மணந்து முகப்பேரில் குடியேறினார். ஒரு தனியார் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

அவருடைய ஆராய்ச்சியை உறவினர்களுக்கு விளக்குவது எப்போதும் என் தலையில்தான் விழும். கண்ணுக்குத் தெரியாத துகள்களை ஒரு கரைசலில் விட வேண்டும். யாரும் கோக்காமலே அவை ஒன்றோடொன்று சேர்ந்து சிறு கொத்தாக வேண்டும். பிறகு அந்தக் கரைசலையே எரிபொருளாக்கி ஓட வேண்டும். அவற்றுக்கு நானோ மோட்டார் என்று பெயர். ஒருநாள் இவை மருந்தைச் சுமந்துகொண்டு ரத்தத்துக்குள் நோய் இருக்கும் இடம்வரை போகும் என்பது அக்காவின் ஆசை.

கல்லூரி அவருக்குப் பட்டறைகள் நிறைந்த மண்ணூர்பேட்டையில் ஒரு மாடியை ஆய்வுக்கூடமாக எடுத்துக் கொடுத்தது. கீழே ஏழுமலை அண்ணனின் பிரஸ் ஷாப். தகடுகளை அடித்து வாஷர் வெட்டும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். மேசைக்கு அடியில் ரப்பர் வைத்து, அக்கா அங்கேயே வேலையைத் தொடங்கினார். துகள்கள் சேர்ந்தன. ஓடவும் செய்தன. எரிபொருள் இல்லாத கரைசலில் அவை சேரவும் இல்லை, ஓடவும் இல்லை என்பதையும் சரிபார்த்தார். கட்டுரை வெளிவந்தது. கல்லூரி வாசலில் அக்கா படத்துடன் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அவரிடம் ஆராய்ச்சி செய்த கலைச்செல்வியின் முனைவர் பட்டமும் அந்த முடிவை நம்பியே இருந்தது.

அவ்வருட ஆயுத பூஜையன்று, மதியச் சாப்பாட்டுக்கு அக்காவை அழைத்துப் போக நான் மண்ணூர்பேட்டைக்குப் போனேன். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். "பூஜை போட்டாச்சு, இன்னிக்குத் தொடக்கூடாது மேடம்" என்று கலைச்செல்வி கெஞ்ச, அக்காவின் கை சும்மா இருக்குமா? ஒரு சொட்டுக் கரைசலை வைத்துத் திரையைப் பார்த்தார். கொத்துகள் சேர்ந்திருந்தன. ஆனால் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன.

அக்கா வேறு கரைசல் வைத்தார். அதுவும் அப்படியே. அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தார். திடீரென்று நின்று காதைத் தீட்டினார். பேட்டையில் ஒரு சத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் இரவிலும்கூட அங்கே எங்காவது ஒரு ஷிப்ட் ஓடும். எல்லா இயந்திரங்களும் ஒன்றாக நிற்பது ஆயுத பூஜைக்குத்தான். "நீ திரையைப் பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கீழே ஓடினார். பேச்சு மாடிவரை கேட்டது.

"ஒரே நிமிஷம் மிஷினைப் போடுங்கண்ணே."

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்கோ? பூஜ போட்ட மிஷின நாளிக்குத்தான் தொடணும். சாமி குத்தம் ஆயிடும்."

"என் பொழப்பே இதுல இருக்குண்ணே."

அக்காவின் முகத்தைப் பார்த்தாராம் ஏழுமலை அண்ணன். மறுபடி ஒரு கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். பிரஸ் அடிக்கத் தொடங்கியதும் திரையில் கொத்துகள் நகர்ந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். "ஓடுதுக்கா! ஓடுது!" என்று படிக்கட்டில் நின்று கத்தினேன். மேலே வந்த அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நேரம் அவர் எழாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. துகள்கள் தாமாகச் சேர்ந்தது உண்மை; அவற்றை ஓட்டியது கீழே இருந்த பிரஸ்ஸின் அதிர்வு. கொத்தாகச் சேராத துகள்களை அந்த அதிர்வு நகர்த்தாததால்தான் முந்தைய சோதனையில் இது பிடிபடவில்லை.

"யாரும் கேள்வி கேக்கலையே மேடம், நீங்களா எதுக்குப் போய் மாட்டிக்கிறீங்க?" என்றார் கல்லூரிப் பொறுப்பாளர். நானும் அதையேதான் கேட்டுச் சண்டை போட்டேன். அக்கா கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ஃபிளெக்ஸ் இறங்கியது, பதவி உயர்வு போயிற்று, கலைச்செல்வியின் பட்டம் தள்ளிப்போயிற்று. அழுத அந்தப் பெண்ணிடம், "சேர்ந்தது நிஜம்தானே? ஓட வைப்போம் வா" என்று மட்டும் சொன்னார். கூடப் படித்தவர்களெல்லாம் மேலே போக, அக்கா மட்டும் அதே மாடியில் அல்லாடியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதன்பிறகு துகள்களின் வடிவை மாற்றினார், மேல்பூச்சை மாற்றினார். வருடா வருடம், இயந்திரங்கள் ஓயும் ஆயுத பூஜையன்றுதான் சோதித்துப் பார்ப்பார். ஊரே பொரி கடலை சாப்பிடும்போது எங்கள் வீட்டில் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் இருக்கும். துகள்கள் வருடா வருடம் நின்று நடுங்கின.

சென்ற ஆயுத பூஜையின்போது நோய் முற்றி, அக்கா முகப்பேர் வீட்டில் படுக்கையில் இருந்தார். எழ முடியாதபோதும் போர்வைக்குள் கால்கள் அசைந்துகொண்டே இருந்தன. கலைச்செல்வி மண்ணூர்பேட்டையிலிருந்து வீடியோவில் அழைத்தார்.

"மேடம், ஓடுது மேடம்!"

"கீழ மிஷின் நிக்குதா, பாரு."

கலைச்செல்வி போனுடன் கீழே இறங்கினார். மாலை போட்ட பிரஸ்ஸுக்கு முன்னால் ஏழுமலை அண்ணன் கையில் எதையோ தூக்கிக் காட்டினார். "ஃபியூஸ் கட்டையவே புடுங்கி கைல வச்சிக்கினுகீறேன் மேடம். நல்லா பாத்துக்கோங்கோ!"

அக்கா சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு தடவை ஏமாந்தது போதும். அடுத்த பூஜைக்கும் ஓடினாத்தான் நம்புவேன். நீயும் போய்ப் பாரு" என்றார். சில நாட்களில் போய்விட்டார்.

கடைசிவரை உடனிருந்து கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவும் பகலும் கண் அயராத அத்தானுக்கும், சொல்லி அனுப்பாமலே ஓடி வந்த குவார்ட்டர்ஸ் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அட்டையில் 'நானோ மோட்டார் கண்டுபிடித்தவர்' என்று போடச் சொன்ன சித்தப்பா என்னை மன்னிக்கட்டும். அக்கா அதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

மலரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்த வருட ஆயுத பூஜை வந்தது. அக்கா சொன்னபடி நான் போனேன். பேட்டை அடங்கியிருந்தது. கலைச்செல்வி கரைசலை வைத்தார். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"இன்னாம்மா, ஓடுதா?" கீழிருந்து ஏழுமலை அண்ணன்.

"ஓடுதுண்ணே" என்றேன்.

ஏழுமலை அண்ணன் படியேறி வந்து, பொரிப் பொட்டலத்தை மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாளிக்கு மிஷின லேட்டாவே போட்டுக்கிறேம்மா. மேடம் ஆற அமர பாத்துக்கட்டும்."

— தங்கை